மஞ்சு விலகாத ஊரில் துணி எப்படிக் காயும்? – கற்பனை உலகம் கட்டப் பழகுவோருக்கு

கோத்தகிரியில் நவம்பர் மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு வெளியே விளையாட வழியில்லை. அப்படி ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரை உட்காரவைத்து, எழுதிக்கொண்டிருந்த கதையை வாசித்துக் காட்டினேன். மஞ்சு, அதாவது மூடுபனி, என்றைக்குமே விலகாத ஒரு மலையூர். முதல் மூன்று பக்கமும் அந்த ஊரின் வரலாறு, ஏழு தலைமுறை அரசர்கள், எல்லைகள். மூன்றாம் பக்கத்தில் ஒருத்தி கையைத் தூக்கினாள்: “அந்த ஊர்ல துணி எப்படிக் காயும்?”

பதில் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரியே ஏழு அரசர்களையும் அடித்துவிட்டு அந்த ஈரத்துணியிலிருந்து திரும்ப ஆரம்பித்தேன். அப்போது பழகிக்கொண்ட வேலைமுறைதான் இது.

படி 1: ஒரே ஒரு பொய்

நிஜ உலகத்திலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். என் கதையில் மஞ்சு விலகாது, அவ்வளவுதான். பறக்கும் யானை, பேசும் மரம், இரண்டு நிலா எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் எதை நம்புவது என்று கேட்பவருக்குக் குழம்பிவிடும்.

படி 2: அந்தப் பொய்யை அடுப்படி வரை கூட்டிக்கொண்டு போங்கள்

அதிக நேரம் இங்கேதான் செலவாகும், செலவழியுங்கள். ஒரு நோட்டில் ‘அதனால்?’ என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டே போக வேண்டும்.

மஞ்சு விலகாது. அதனால்? கொடியில் துணி காயாது. அதனால்? விறகு அடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் விரிக்கிறார்கள். அதனால்? எல்லார் துணியிலும் புகை வாசம். சரி, எந்த விறகு? எங்கள் பக்கம் கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை (வாட்டில் மரம்) இரண்டும் எரிகிறது. இரண்டுக்கும் புகை வேறு. அப்படியென்றால் முகம் தெரியாத மஞ்சிலும் எதிரே வருவது எந்த வீட்டு ஆள் என்று மூக்கு சொல்லிவிடும். உப்பு நீர்த்துப்போகும், ஆகவே மூங்கில் குழாயில் அடைத்து அடுப்புக்கு மேலே தொங்கும். வழியில் மோதிக்கொள்ளாமலிருக்க ஆளுக்கொரு மணி. ஒருவரை ஒருவர் பார்ப்பதே அபூர்வம் என்பதால் “பார்த்து ரொம்ப நாளாச்சு” என்று யாரும் சொல்ல மாட்டார்கள். “கேட்டு ரொம்ப நாளாச்சு” என்பார்கள்.

இந்தக் கடைசி வரி கிடைத்த அன்றைக்குத்தான் எனக்கே அந்த ஊர் கண்ணில் தெரிந்தது. பேச்சுவழக்கு மாறும்வரை ‘அதனால்?’ கேட்பதை நிறுத்தாதீர்கள்.

பட்டியல் தீர்ந்துபோனால் நம் பழைய திணை இலக்கணத்தின் கருப்பொருள் கைகொடுக்கும். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒரு நிலத்துக்கு என்னென்ன உண்டோ அதெல்லாம் அதில் வரிசையாக இருக்கிறது. ஒவ்வொன்றாக உங்கள் ஊருக்குக் கேட்டுப் பாருங்கள். எட்டும் கதைக்குள் வர வேண்டும் என்றில்லை, உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

படி 3: காரணம் ஒன்று வேண்டும்

எங்கள் நீலகிரி மலை ரயிலைப் பார்க்காதவரிடம், “எஞ்சின் பின்னால் நின்று தள்ளும், தண்டவாளத்துக்கு நடுவே பல் வரிசை இருக்கும், அதைக் கடித்துக் கடித்து ஏறும்” என்று சொல்லிப் பாருங்கள். கதை விடுகிறான் என்பார். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம், பெட்டி கழன்றாலும் கீழே ஓடிவிடக் கூடாது என்று சொன்னதும் தலையாட்டுவார். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் வந்த ரயில் இன்றைக்கும் அந்த ஏற்றத்தை அப்படித்தான் ஏறுகிறது.

மழைக்கும் இதே கதைதான். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனிலேயே தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். நடுவில் மலைத்தொடர் மறிப்பதால் குன்னூர், கோத்தகிரிக்கு அப்போது அவ்வளவாக வராது. எங்களுக்குப் பெருமழை அக்டோபர், நவம்பரில், வடகிழக்கிலிருந்து. மாவட்டம் ஒன்று, குடை எடுக்கும் மாதம் வேறு. என் ஊரின் மஞ்சு மேற்கே ஓர் ஏரியிலிருந்து வருகிறது என்று முடிவு செய்தேன். உடனே எந்த வீட்டுக்கும் மேற்கு வாசல் இல்லாமல் போனது.

படி 4: பெயர்

முதலில் மஞ்சூர் என்று வைத்தேன். குந்தா பக்கம் அந்தப் பெயரில் நிஜமாகவே ஓர் ஊர் இருப்பது அப்புறம்தான் உறைத்தது, இத்தனைக்கும் பஸ் போர்டில் தினமும் பார்க்கிற பெயர்! பிறகு ஒலிப்பாறை என்று மாற்றினேன். உதகமண்டலம் ஊட்டி ஆன மாதிரி, வாயில் தேய்ந்த வடிவமும் ஒன்று வேண்டும். கீழ்நாட்டுக்காரர்கள் ஒலிப்பாறையை ‘ஒல்லிப்பாறை’ என்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அது பிடிக்காது.

ஹட்டி என்றால் படுகர் ஊர், மந்து என்றால் தோடர் குடியிருப்பு. கேட்க அழகாக இருக்கிறதென்று அந்தப் பெயர்களையோ அவர்கள் சடங்குகளையோ எடுத்து உங்கள் ஊருக்கு மாட்டிவிடாதீர்கள். அவர்கள் இங்கே வாழ்கிறவர்கள், உங்கள் கதையையும் படிப்பார்கள்.

படி 5: விளக்காதீர்கள்

என் முதல் வரைவு இது:

‘ஒலிப்பாறையில் மஞ்சு விலகுவதே இல்லை. ஆகவே அங்குள்ள மக்கள் மணியோசையாலும் புகை வாசத்தாலும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டனர்.’

இப்போது இருப்பது:

‘கடைக்குப் பாதி வழி வந்த பிறகுதான் மணியை வீட்டிலேயே விட்டுவிட்டது செல்லிக்கு உறைத்தது. எதிரே காலடிச் சத்தம். ஓரமாக ஒதுங்கித் தூக்குச்சட்டியை விரலால் தட்டினாள்.
“யாரது, மணி இல்லாம?”
“நான்தான் தாத்தா.”
“சீகைப் புகை… மேலவீட்டுப் பொண்ணா? கேட்டு ரொம்ப நாளாச்சு.”’

மஞ்சு என்ற சொல்லே இதில் இல்லை. செல்லிக்கு அது புதிதல்ல, அதைப் பற்றி அவள் ஏன் நினைக்கப்போகிறாள்? அவள் கவலையெல்லாம் மறந்துபோன மணி. ஊர் வழக்கம் ஒன்று தவறுகிற இடத்தில் காட்சியைத் தொடங்கினால் வழக்கம் தானாகவே தெரிந்துவிடும்.

படி 6: கணக்கு நோட்டு

விதிகளை ஒரு பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். முதல் அத்தியாயத்தில் மேற்கு வாசல் இல்லையென்றால் ஒன்பதாவதிலும் இருக்கக் கூடாது. வயதுக் கணக்கையும் அதிலேயே குறித்துவையுங்கள். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 2006, 2018 இரண்டிலும் பூத்தது. ஒலிப்பாறையில் வயதைக் குறிஞ்சியில் சொல்கிறார்கள். தாத்தா ஆறு குறிஞ்சி முகர்ந்தவர்.

படி 7: சத்தமாக வாசியுங்கள்

எழுதத் தெரிந்தவர்களிடம் வேண்டாம், நடையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் போதும். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் புது வரைவை வாசித்தேன். துணி காய்ந்துவிட்டது. “சரி, சூரியனே தெரியாதே, அந்த ஊர்ச் சேவல் எப்போ கூவும்?” என்றாள் அதே பெண். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.