'எல்லாம்' என்றால் எல்லாமா? ஒரு கூற்றைப் பிரித்துப் பார்க்கும் முறை

பஸ் ஸ்டாப்பில் ஒரு பாட்டி "எல்லா பஸ்ஸும் இங்க நிக்காதுப்பா" என்கிறார். ஒன்றுமே நிற்காது என்று எடுத்துக்கொண்டவர் அடுத்த ஸ்டாப்புக்கு நடக்கிறார், சிலதுதான் நிற்காது என்று புரிந்துகொண்டவர் அங்கேயே காத்திருக்கிறார். இந்த இரட்டைப் பொருள் தமிழுக்குப் பழசு. 'எல்லாரும்' என்பதில் முழுக் கூட்டத்தையும் குறிக்கும் 'உம்' முற்றும்மை; அது சில இடங்களில் எச்சமாகவும், அதாவது மிச்சம் உண்டு என்று காட்டுவதாகவும் வரும் என்று நன்னூல் சொல்கிறது. 'எல்லாரும் வந்திலர்' என்றால் சிலர் வந்தார்கள் என்றும் ஆகும்.

அதனால் எந்தக் கூற்றையும் ஆராயும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். முழுக் கூட்டத்தையும் பற்றியதா, ஒரு பகுதியைப் பற்றியதா? உண்டு என்கிறதா, இல்லை என்கிறதா? அரிஸ்டாட்டில் வழிவந்த தர்க்கத்தில் இதிலிருந்து நான்கு வகை வரும்: எல்லா பஸ்ஸும் நிற்கும், எந்த பஸ்ஸும் நிற்காது, சில பஸ் நிற்கும், சில பஸ் நிற்காது. பாட்டி சொன்னதை இரண்டாவதாகவோ நான்காவதாகவோ மாற்றி எழுதிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

'சில' என்ற சொல்லில் கவனம் தேவை. இங்கே அதற்குக் குறைந்தது ஒன்று என்பதுதான் பொருள். சில பஸ் நிற்கும் என்றால் மற்றவை நிற்காது என்று ஆகாது, அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அப்புறம் மறுப்பது. பெரும்பாலான வாக்குவாதம் கெட்டுப்போவது இங்கேதான் என்று நினைக்கிறேன். 'எல்லா பஸ்ஸும் நிற்கும்' என்பவரை மறுக்க, நிற்காமல் போன ஒரே ஒரு பஸ்ஸைக் காட்டினால் போதும். 'எந்த பஸ்ஸும் நிற்காது' என்று எதிர்க்கோடிக்குப் போனால், பாதி பஸ் நிற்கும் ஊரில் இரண்டு பேர் சொல்வதும் தப்பு. அதேபோல் 'எதுவும் நிற்காது' என்பதை உடைக்க நின்ற பஸ் ஒன்று போதும்.

ஒரு கூற்றைத் திருப்பிப் போடும்போதும், அதாவது அதன் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றும்போதும் பாருங்கள். 'எந்த மீனும் பறவை இல்லை' என்பதைத் தாராளமாகத் திருப்பலாம். 'சில பறவைகள் காகம்' என்பதும் திரும்பும். ஆனால் 'எல்லாக் காகமும் பறவை' என்பதிலிருந்து 'சில பறவைகள் காகம்' என்பது வரைதான் கிடைக்கும். 'சில பறவைகள் காகம் இல்லை' என்பதைத் திருப்பவே கூடாது, சில காகம் பறவை இல்லை என்று வந்து நிற்கும்.

இன்னொன்று. 'டிக்கெட் எடுக்காத எல்லாரும் அபராதம் கட்டினார்கள்' என்பதிலிருந்து 'அப்படிச் சிலர் கட்டினார்கள்' என்று பழைய தர்க்கம் இறங்கி வரும், அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று அது எடுத்துக்கொள்வதால். அன்றைக்கு எல்லாருமே டிக்கெட் எடுத்திருந்தால் அப்படி இறங்க முடியாது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கணித அறிஞர் ஜார்ஜ் பூல் வழியில் வந்த தர்க்கம் அந்த அனுமானத்தை விட்டுவிட்டது. ஆகவே எல்லாரிலிருந்து சிலருக்கு இறங்கும் முன், அப்படி ஒருவராவது இருக்கிறாரா என்று பார்த்துவிடுங்கள்.