துபாய்க்கு எத்தனை மணி நேரம்?

மேலப்பாளையத்தில் என் கடைக்கு டிக்கெட் போட வருபவர்கள் முதலில் கேட்பது, “அண்ணாச்சி, துபாய் ரெண்டரை மணி நேரந்தானா?” என்றுதான். டிக்கெட்டில் திருவனந்தபுரம் புறப்பாடு 4.15, துபாய் வருகை 6.45 என்று இருக்கும். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அதைக் கூட்டினால் நான்கு மணி நேரம், அதுதான் சரி. திரும்பும்போது அதே ஒன்றரையைக் கழிக்க வேண்டும்.

டிக்கெட் இல்லாமலும் கணக்குப் போடலாம். நேர்கோட்டுத் தூரம் சுமார் 2,950 கிலோமீட்டர். விமானம் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் போகும் என்று வைத்து, 850-ஆல் வகுத்து, ஏற இறங்க அரைமணி சேருங்கள். தூரத்தைத் தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். பூமி உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால்தான் உண்மையான குறுக்குவழி தெரியும். லண்டன் மாதிரி தூரத்து ஊருக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

குளிர்காலத்தில் உயரத்தில் மேற்கிலிருந்து காற்று பலமாக அடிக்கும். அதனால் வரும்போது கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடும்.

அப்புறம், நம் ஊர்க்காரர்கள் மறப்பது சாலையை. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வழியாக விமான நிலையம் சுமார் 150 கிலோமீட்டர். களியக்காவிளை தாண்டிய நெரிசலை நம்பவே கூடாது. மூன்று மணி நேரம் முன்னால் உள்ளே இருக்க வேண்டும். 4.15 விமானத்துக்கு முந்தின இரவு ஒன்பதுக்கே காரைக் கிளப்பச் சொல்வேன்.