புளிப்புப் பானத்தில் நல்ல பாக்டீரியாவைக் காக்க ஒரு மேலுறை

தயிரில் சுகமாக இருக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா, ஆரஞ்சுச் சாற்றில் விட்டால் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். உள்ளே கசியும் அமிலத்தை வெளியே தள்ளித் தள்ளியே செல்லின் சக்தி தீர்ந்துவிடுகிறது. அதைச் சுற்றி ஒரு கூழ்ச்சுவர் எழுப்புவதுதான் நம் வேலை. பாத்திரம், ஊசி, நீர் எல்லாமே கிருமி நீக்கியதாக இருக்கட்டும்.

முதலில் கரைசல். 100 மில்லி வெந்நீரில் 2.5 கிராம் சோடியம் ஆல்ஜினேட். இது பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. மொத்தமாகக் கொட்டினால் வெளியே வழவழப்பும் உள்ளே உலர்ந்த மாவுமாகக் கட்டிதட்டும். கிளறிக்கொண்டே சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள். கொதிக்கவைத்து ஆறவிட்டு, குமிழ்கள் அடங்கும்வரை பொறுங்கள். இந்தக் கரைசலைத்தான் பின்னால் சின்னச் சின்ன மணிகளாக்கப் போகிறோம்; குமிழ் சிக்கிய மணி மிதக்கும்.

ஆறியதும், நான்கு பங்கு கரைசலுக்கு ஒரு பங்கு அடர்த்தியான பாக்டீரியாக் கலவை சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள்.

அப்புறம் 100 மில்லி நீரில் 1.5 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டைக் கரைத்து, அதில் பாக்டீரியா கலந்த ஆல்ஜினேட்டைச் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். விழுந்த கணமே சொட்டின் மேல்தோல் இறுகி, ஜவ்வரிசி வெந்ததுபோல் உருண்டு நிற்கும். வால் முளைத்தால் ஊசியைக் கொஞ்சம் உயர்த்துங்கள். 30 நிமிடம் ஊறியபின் வடிகட்டிக் கழுவுங்கள். இந்த மணிகள் 2, 3 மில்லிமீட்டர் வரும். நுண்ணிய உறைக்கு எண்ணெயில் கடையும் முறை உண்டு. ஆனால் பழகுவதற்கு, நடப்பது கண்ணுக்குத் தெரியும் இதுவே நல்லது.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். சாற்றிலுள்ள சிட்ரேட் (சிட்ரிக் அமிலத்திலிருந்து வருவது), சுவரைப் பிணைத்திருக்கும் கால்சியத்தை மெல்லப் பிடுங்கும், சுவர் தளரும். அதனால் இன்னொரு பூச்சு வேண்டும். 0.4 கிராம் கைட்டோசானை (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது) 0.4 மில்லி அசிட்டிக் அமிலம் சேர்த்த 100 மில்லி நீரில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடால் பிஹெச் 6-க்கு அருகே கொண்டுவந்து, மணிகளை 40 நிமிடம் மெதுவாக ஆட்டுங்கள். நேர்மின்னூட்டமுள்ள கைட்டோசான், எதிர்மின்னூட்டமுள்ள ஆல்ஜினேட்டில் தானே ஒட்டிக்கொள்ளும். பிறகு மீண்டும் கழுவுங்கள்.

சாற்றைச் சூடாக்கிப் பதப்படுத்துவதாக இருந்தால், ஆறிய பின்பே மணிகளைப் போடுங்கள். இந்த உறை பாக்டீரியாவைச் சூட்டிலிருந்து காப்பாற்றாது. 4 டிகிரியில் வையுங்கள்.

சரி, பலித்ததா? இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். பக்கத்தில் இன்னொரு புட்டியில் உறையில்லாத பாக்டீரியாவையும் அதே அளவு விட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை மணிகளைச் சோடியம் சிட்ரேட்டில் கரைத்து, இரண்டு புட்டிகளின் மாதிரிகளையும் எம்ஆர்எஸ் அகார் (லாக்டோபேசில்லஸ் வளர்க்கும் ஊட்டக் கூழ்) தட்டில் வளர்த்து எண்ணுங்கள். கைட்டோசான் பூசிய மணி கரையச் சற்று நேரமாகும். பாதி கரைந்த மணியை எண்ணினால், உயிரோடு இருப்பவையும் கணக்கில் வராமல் போய்விடும்.