பாட்டு ஆசிரியர் சங்கத்தின் வரலாற்றை எழுதும் முறை

சென்னையில் பாட்டுச் சொல்லித்தரும் ஆசிரியர்கள் தமக்கென நடத்திவரும் சங்கம் ஒன்றின் வரலாற்றை எழுத முன்வருபவர், முதலில் தலைவர்களின் உரைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, சந்தா ரசீதுப் புத்தகங்களைத் தேடி எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆண்டுமலர்களில் வாழ்த்துரைகள்தாம் நிறைந்திருக்கும். வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசை சொல்லித்தந்த ஆசிரியைகளின் பெயர்களோ ரசீதின் அடிக்கட்டையில்தான் எஞ்சியிருக்கும்.

அடுத்ததாக, செயற்குழுவின் நடவடிக்கைக் குறிப்பேடுகளை ஆண்டு வரிசைப்படி அடுக்கி, பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கிழிந்த தாளை ஒட்டும் நாடாவால் ஒட்டவோ லேமினேட் செய்யவோ கூடாது. ஒட்டிய இடத்தில் பசை பழுத்து, சில ஆண்டுகளில் எழுத்தையே தின்றுவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்நகரத்தின் எத்தனையோ வீடுகளில் பழைய காகிதங்கள் ஊறிப் பாழாயின. ஆகவே, படங்களின் பிரதி ஒன்றை வேறோர் இடத்திலும் வைத்திருங்கள்.

தேதியில்லாத தாள்களுக்குக் காலம் குறிப்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. சந்தா அணாவில் எழுதப்பட்டிருந்தால், அந்த ரசீது பெரும்பாலும் 1957 ஏப்ரலில் தசம நாணயம் (ரூபாய்க்கு நூறு பைசா) வருவதற்கு முற்பட்டது. 'நயா பைசா' என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது எனக் கொள்ளலாம். நான் உதவிய ஒரு சங்கத்தில், 'பிரபவ வருடம் தை மாதம்' என்று மட்டும் அச்சிட்ட தொடக்கவிழா அழைப்பிதழ் ஒன்று கிடைத்தது. பிரபவ வருடம் 1927 ஏப்ரலில் பிறந்ததால், சங்கம் 1928 தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் அழைப்பிதழின் மூலையில் 'சென்னை-600 004' என்று பொடி எழுத்தில் இருந்தது. அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தது. தமிழ் ஆண்டுகளோ அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. ஆகவே அந்த விழா நடந்தது 1988-இல். அறுபது வயதைக் குறைத்துக்கொள்ள அவர்களுக்கு வருத்தமாகத்தான் இருந்தது; ஆயினும் பொய்யான பெருமையைக் காட்டிலும் உண்மையான இளமை மேல் என்று ஒப்புக்கொண்டார்கள். பழைய அஞ்சல் வட்டார எண்ணோடு 'சென்னை-4' என்று மட்டும் இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், ஏனெனில் 1972-க்குப் பின்னும் பலர் அப்படியே எழுதிவந்தனர்.

சங்கம் பதிவு பெற்றதாயின், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்தித் துணைவிதிகளின் சான்றிட்ட நகலைப் பெறலாம். அது 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவானதா, 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் பதிவானதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சங்கத்தைச் சூழ்ந்திருந்த இசைக்கல்வி உலகத்தையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி இங்கு நடந்த இசை மாநாட்டின் விளைவாக, 1928 ஆகஸ்ட் 18 அன்று மியூசிக் அகாடமி தொடங்கப்பெற்றது; அதன் ஆசிரியர் கல்லூரி 1931-இல் தோன்றியது. 1949-இல் அரசு இசைக்கல்லூரி முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கியது. குருவின் வீட்டில் தங்கிக் கற்ற காலம் போய், பாடத்திட்டமும் சான்றிதழும் கேட்கப்பட்ட காலம் வந்ததால்தான் ஆசிரியர்களுக்குச் சங்கம் தேவைப்பட்டதா என்பதை, உங்கள் குறிப்பேடுகளே சொல்லட்டும். அமெரிக்காவில் பாட்டு ஆசிரியர்களின் தேசிய சங்கம் 1944-இல் தோன்றியது. ஒப்புநோக்க விரும்புவோர் ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மூத்த ஆசிரியர்களைச் சந்திக்கும்போது, "எந்த வருஷம்?" என்று கேட்பதால் பயனில்லை. "அப்போது மாதச் சம்பளம் எவ்வளவு வாங்கினீர்கள், மாமி? யாருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள், பழைய புகைப்படம் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். அவர் சொன்னதைத் தட்டச்சு செய்து, அவருக்கே படித்துக் காட்டி, ஒப்புதல் பெற்ற பிறகே நூலில் சேர்க்க வேண்டும். 'திருமதி' என்பதை அடுத்துக் கணவர் பெயர் மட்டும் பதிவாகியிருக்கும் ஆசிரியைகளின் சொந்தப் பெயரை, அவர்தம் மாணவியரிடம் விசாரித்தேனும் கண்டுபிடித்து எழுதுங்கள்.

நூல் அச்சானதும் ஒரு பிரதியை எழும்பூரிலுள்ள கன்னிமரா நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள். மூலக் குறிப்பேடுகளைத் தரமான அட்டைப்பெட்டியில் இட்டு, எந்தப் பெட்டியில் எந்த ஆண்டு இருக்கிறது என்ற பட்டியலைச் செயலாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.