காரை நிறுத்தும் விதத்திலேயே புகையைக் குறைக்கலாம்

காரைப் பின்பக்கமாக உள்ளே விட்டு நிறுத்துங்கள். ஓடி வந்த இன்ஜின் அப்போது சூடாக இருப்பதால், முன்னும் பின்னும் திருப்ப ஆகும் பெட்ரோல் குறைவு. காலையில் நிலைமை வேறு. குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் போகும். நச்சுப்புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சூடேறும்வரை சரியாக வேலை செய்யாது. அந்த நேரத்தில் ரிவர்ஸ் எடுத்துத் தடுமாறாமல் நேராகக் கிளம்பிவிடலாம். வெளியேறும்போது குறுக்கே வரும் குழந்தைகளும் நன்றாகத் தெரிவார்கள்.

வெயிலில் நிற்கும் காரில் டேங்க் சூடாகி பெட்ரோல் ஆவியாகும். அதைப் பிடித்துவைக்க ஒரு கரி கேனிஸ்டர் இருக்கிறது, ஆனால் டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் ஆவி வெளியே கசியும். வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள்; விரிசல் தட்டுப்பட்டால் மூடியை மாற்றுங்கள். மதியம் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்து நிறுத்துவது நல்லது. மரத்தடி என்றால் வேர்மேல் சக்கரம் ஏற்றாதீர்கள், மண் இறுகி மழைநீர் இறங்காது.

யாருக்காவது காத்திருந்தால் இன்ஜினை அணையுங்கள். 10 விநாடிக்கு மேல் சும்மா ஓடினாலே, மறுபடி ஸ்டார்ட் செய்வதைவிடச் செலவு அதிகம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும்.

இரவில் இன்ஜினுக்கு அடியில் ஒரு பழைய அட்டையைப் போட்டுவையுங்கள். காலையில் அதில் சொட்டியிருப்பது வெறும் தண்ணீர் என்றால் ஏசி நீர். கறுப்பாகப் பிசுபிசுத்தால் இன்ஜின் ஆயில். மழைக்கு முன்பே மெக்கானிக்கிடம் காட்டுங்கள், இல்லாவிட்டால் அது கால்வாய்க்குத்தான் போகும்.