அப்பத்தாவின் தாலாட்டைப் பதிவு செய்ய ஒலி அட்டையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கம் பெரியவர்கள் பாடும் தாலாட்டைக் கணினியில் பதிந்து வைக்க நினைப்பவர்கள், பதிவில் இரைச்சல் கேட்டால் உடனே மைக்கைக் குறை சொல்கிறார்கள். பல நேரம் குறை ஒலி அட்டையில், அதாவது மைக்கின் ஒலியைக் கணினிக்குரிய எண்களாக மாற்றும் பகுதியில் இருக்கும்.

மைக்கிலிருந்து வரும் மின் சமிக்ஞை சில மில்லிவோல்ட் அளவே இருக்கும். அட்டையிலுள்ள முன்பெருக்கி அதை நூறு முதல் ஆயிரம் மடங்கு வரை பெருக்கிய பிறகுதான், அடுத்துள்ள சிப் அதை எண்களாக மாற்றுகிறது. முன்பெருக்கி தன் இரைச்சலையும் சேர்த்தே பெருக்குவதால், அந்த முதல் படியில் கெட்டதைப் பின்னால் எந்தச் சிப்பாலும் சரிசெய்ய முடியாது. மதர்போர்டிலேயே பதிந்து வரும் ஒலிச்சிப்புக்கு அருகில், பிராசசருக்கு மின்சாரம் தரும் சுற்றுகள் நொடிக்கு லட்சக்கணக்கான முறை அணைந்து எரிகின்றன. அந்தச் சலனம் எட்டாதிருக்கவே ஒலிப்பகுதியைப் பலகையின் ஓரத்துக்குத் தள்ளி வடிவமைக்கிறார்கள். வெளியே வைக்கும் யுஎஸ்பி பெட்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் யுஎஸ்பி 2.0 தருவது 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட்தான், கண்டென்சர் என்ற வகை மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டையும் அதிலிருந்தே உண்டாக்க வேண்டும் என்பதால், மலிவான பெட்டிகள் இங்கேதான் தடுமாறுகின்றன.

பெட்டியின் மேல் அச்சிட்ட 192 கிலோஹெர்ட்ஸ் என்ற எண், ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளந்து மாதிரி எடுக்கிறது என்பதைச் சொல்வது. அதற்காகப் பணம் கொடுக்க வேண்டாம். மனிதக் காது கேட்பது ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். அதன் இருமடங்குக்குச் சற்று மேல் அளந்தாலே ஆகும் என்பதால் 48 போதும், 192 வைத்தால் கோப்பு நான்கு மடங்காகும். ஒவ்வொரு மாதிரியையும் எவ்வளவு நுணுக்கமாக எண்ணாக்குகிறது என்பதைக் காட்டும் 24 பிட் மட்டும் அவசியம் என்பேன். மிகச் சன்னமான ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே அது ஏட்டளவில் தரும் 144 டெசிபல் இடைவெளியை எந்தச் சுற்றும் எட்டுவதில்லை. சுற்றிலுள்ள மின்தடையங்களின் (ரெசிஸ்டர்களின்) வெப்ப இரைச்சலால் நல்ல அட்டைகளே 120 அருகில் நின்றுவிடுகின்றன. ஆனாலும் ஒலியளவைத் தாழ்த்தி வைத்துப் பதியலாம் என்பதால், பாட்டி திடீரென்று குரலை உயர்த்தினாலும் பதிவு உடையாது.

பஃபரை, அதாவது ஒலியைக் கணினி எடுத்துக்கொள்ளும் வரை தேக்கி வைக்கும் இடத்தை, 1024 மாதிரிகளுக்கு வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது 21 மில்லிநொடித் தாமதம். வெறும் பதிவுக்கு அது ஒரு பொருட்டல்ல. தன் குரலை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாடுபவருக்கு மட்டும் 128 வரை குறைக்கலாம், ஆனால் கணினி சற்றுப் பின்தங்கினாலும் இடையில் 'டிக்' ஒலி விழும்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். மைக்கைப் பொருத்தி, யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிந்து, ஒலியைக் கூட்டிக் கேளுங்கள். எங்கள் வீட்டு வளவில் அப்பத்தாவைப் பதிந்தபோது பாட்டின் அடியில் விடாத 'ம்ம்' ஒலி ஓடியது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் அது அறவே நின்றது. அந்தப் பழைய பிளக் பாயிண்டில் எர்த் இணைப்பே இல்லாததால், சார்ஜரிலிருந்து கசிந்த 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் மைக் கேபிளின் உறை வழியாகப் பதிவுக்குள் புகுந்திருந்தது. அன்று பேட்டரியில் ஓட்டியே மீதித் தாலாட்டு முழுவதையும் பதிந்தோம்.