“எந்த மிஷின் நல்லது?” என்று குரூப்பில் கேட்பவர்களுக்கு

பாளையங்கோட்டையில் வாட்டர் பியூரிஃபையர் மாட்டுவதும் ரிப்பேர் பார்ப்பதும் என் தொழில். இப்போது வாங்குபவர்கள் யூடியூப், ஷாப்பிங் ஆப், சொந்தக்காரர் வாட்ஸ்அப் குரூப் எல்லாவற்றையும் அலசிவிட்டுத்தான் வருகிறார்கள். நல்லதுதான். ஆனாலும் நாங்களெல்லாம் ஒரு காலத்தில் செய்த அதே தப்புகள் திரும்ப வருகின்றன. போலி ஆஃபர் லிங்க், ஓ.டி.பி. சமாச்சாரம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஸ்டாரை மட்டும் எண்ணுவது

மூன்று ஸ்டார் கொடுத்தவர் எழுதியதை முதலில் படியுங்கள். காசு கொடுத்து எழுதவைத்த விமர்சனத்தைப் போடக்கூடாது என்று 2022இல் ஐ.எஸ். 19000 என்ற இந்தியத் தர விதி வந்தது. ஆனால் வந்தபோது அது கட்டாயமாக இல்லை.

எந்தத் தண்ணீர் என்று சொல்லாமல் பகிர்வது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வரும்.

இங்கே ஒரு அக்கா, சென்னையில் இருக்கும் மருமகன் அனுப்பிய விமர்சனத்தை நம்பி ஆர்.ஓ. மிஷின் வாங்கப் போனார். மீட்டரை வைத்துப் பார்த்தேன். அவர்கள் வீட்டுக் குழாயில் வருவது தாமிரபரணி, டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) இருநூறைக்கூடத் தொடவில்லை. ஆர்.ஓ.வின் வேலை உப்பை எடுப்பது. உப்பே இல்லாத தண்ணீரில் அது எதை எடுக்கும்? ஒரு லிட்டர் குடிக்க இரண்டு மூன்று லிட்டர் வீணாய்ப் போவதுதான் மிச்சம். டி.டி.எஸ். 500க்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ. கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயமே 2019இல் சொல்லியிருக்கிறது. ஆற்றில் சாக்கடை கலப்பதால் கிருமிக்குத்தான் இங்கே பயப்பட வேண்டும். அதற்கு யூ.வி. (புற ஊதா ஒளி) மிஷின் போதும் என்று மாட்டிக் கொடுத்தேன்.

அதோடு முடிந்திருக்கலாம். அக்கா சந்தோஷத்தில் குரூப்பில் போட்டுவிட்டார்: “ஆர்.ஓ. எல்லாம் வேஸ்ட், மெக்கானிக்கே சொல்லிட்டார், யூ.வி. போதும்.” அது கைமாறிக் கைமாறி திசையன்விளைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒருவர் வீட்டில் உப்புப் போர் தண்ணீர். யூ.வி. கிருமியைக் கொல்லும், உப்பை ஒன்றும் செய்யாது. அவர் வாங்கி மாட்டி, ஒரு வாய் குடித்துவிட்டு எனக்குப் போன் போட்டார்: “அண்ணாச்சி, நீங்கதான யூ.வி. போதும்னு சொன்னிய?” மாட்டிய மிஷினைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. மொத்தப் பணமும் போச்சு.

அக்கா போட்டதில் பொய் எதுவும் இல்லை. “எங்க வீட்டில் ஆற்றுத் தண்ணீர்” என்ற ஒரு வரி இல்லை, அவ்வளவுதான். நீங்கள் எழுதும்போது ஊர், ஆற்றுத் தண்ணீரா போர் தண்ணீரா, டி.டி.எஸ். எவ்வளவு, இந்த மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்தவர் எழுதியதில் இவை இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கேட்டும் பதில் வரவில்லையா, அந்த விமர்சனம் உங்களுக்கு உதவாது. வாஷிங் மெஷினுக்கும் கீசருக்கும் இதே கதைதான்.

மாடல் எண்ணை விடுவது

ஒரே பெயரில் யூ.வி. தனி, ஆர்.ஓ.வோடு சேர்ந்தது தனி என்று வரும். ஷாப்பிங் ஆப்பில் இரண்டின் விமர்சனமும் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கும்.

மறுநாளே விமர்சனம் எழுதுவது

ஒரு தடவை ஃபில்டர் மாற்றுங்கள், அப்புறம் எழுதுங்கள்.

கஸ்டமர் கேர் எண்ணைத் தேடி எடுத்து ஃபார்வர்ட் செய்வது

கூகுளில் முதலில் வரும் எண் கம்பெனியுடையது என்று நினைக்காதீர்கள். வாரண்டி கார்டில் இருப்பதை எடுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் போடுங்கள். பொருளில் தகராறு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.